சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது: திருடு போனால் மீட்பது எப்படி?

பைக் திருடு போனால் ஸ்டேஷனில் முதலில் கேட்பது ஆர்.சி. புத்தகத்தை. பதிவெண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், உரிமையாளர் பெயர் என எல்லாம் அதில் இருக்கும். சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மோட்டார் இல்லாத வண்டி என்பதால் மோட்டார் வாகனச் சட்டம் அதன் பக்கமே வருவதில்லை. வாங்கிய கடையின் பில் பத்து வருடத்தில் எங்கே போனதென்று தெரியாது. கடைசியில், “சிவப்பு கலர் கியர் சைக்கிள் சார்” என்ற ஒரு வரிதான் கையில் மிஞ்சுகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சைக்கிள் இன்னும் அன்றாட வண்டிதான். பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் டவுன் பஸ் ஏறும் இடத்துக்கும் அதில்தான் போகிறார்கள். அரசின் விலையில்லா சைக்கிள் வீட்டுக்கு வீடு நிற்கிறது. கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களிடம் மலையேற்ற சைக்கிளும் இருக்கிறது. காரை, குளக்கல்நத்தம் பக்கம் பழங்காலக் கடலடியில் படிந்த களிமண்ணை மழை அறுத்து மேடும் பள்ளமுமாக்கி வைத்திருக்கிறது. லாடபுரத்தைத் தாண்டினால் பச்சைமலை அடிவாரம். இந்தத் தடங்களுக்குத் தடித்த டயர் வைத்த வண்டிதான் சரிப்படும். 1990களில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் விற்ற ஹெர்குலிஸ் எம்.டி.பி. போன்ற வண்டிகளை இன்றும் டயர் மாற்றி, பிரேக் மாற்றி, பெயின்ட் அடித்து ஓட்டுபவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட வண்டி காணாமல் போனால் உரிமையாளர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இதன் மதிப்பு என்ன? இரண்டாவது கேள்விக்கான பதில், போலீஸ் தானாக விசாரணையில் இறங்குமா இல்லையா என்பதையே மாற்றிவிடக்கூடியது.

பெடலுக்கு அடியில் ஒரு எண்

அநேகமாக எல்லா கம்பெனி சைக்கிளிலும் ஃபிரேம் நம்பர் அடித்திருப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், இரண்டு பெடலையும் இணைக்கும் அச்சு ஓடும் தடித்த குழாயின் அடிப்பக்கத்தில் அது தெரியும். சில வண்டிகளில் ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள முன்குழாயிலோ, பின்சக்கரம் மாட்டும் இடத்துக்கு அருகிலோ இருக்கும். பழைய வண்டியில் அந்த இடம் செயின் எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழும்பித் தெரியும். மேலே பெயின்ட் ஏறியிருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கலாம்.

திருடியவர் அந்த எண்ணை அரம் வைத்து ராவினாலும் எல்லாம் அழிந்துவிடாது. எண்ணை அடிக்கும்போது அதற்குக் கீழே உள்ள இரும்பும் அழுந்தி இறுகிப்போகிறது. மேற்பரப்பை மெருகேற்றி அமிலக் கரைசல் தடவினால், இறுகிய பகுதியும் சாதாரணப் பகுதியும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்பட்டுப் பழைய எண் மங்கலாகத் திரும்ப வரும். இது தடய அறிவியல் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனை. மோட்டார் வண்டி வழக்குகளிலும் துப்பாக்கி வழக்குகளிலும் இதைச் செய்வார்கள். ஒரு சைக்கிளுக்காக இவ்வளவு தூரம் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் எண்ணுடன் வேறு அடையாளங்களும் வேண்டும். வெல்டிங் வைத்த இடம், ஒரு பக்கம் மட்டும் மாற்றிய பெடல், சீட்டில் விழுந்த கிழிசல், கியர் கம்பெனியின் பெயர், ரிம்மில் உள்ள கோணல் எல்லாமே அடையாளம்தான். வழக்கமாகப் பார்க்கும் சைக்கிள் கடைக்காரர் இதில் நல்ல சாட்சி. தான் மாட்டிய ஸ்போக்கை அவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

புகாரில் என்ன எழுத வேண்டும்?

காணாமல் போன இடம், கடைசியாகப் பார்த்த நேரம், பூட்டியிருந்ததா, எந்தப் பூட்டு, ஃபிரேம் நம்பர், கம்பெனி, நிறம், தனி அடையாளங்கள், இன்றைய மதிப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதி, போட்டோவை இணைக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதையும் புகாரிலேயே குறிப்பிட்டால் போலீஸாருக்கு வேலை மிச்சம்.

எந்த ஸ்டேஷன் எல்லை என்ற குழப்பம் இந்த இரு மாவட்டங்களிலும் இயல்பாகவே வரும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தான். குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது, அதை அடுத்த செந்துறை அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அரியலூர் ரயில் நிலைய வளாகத்துக்குள் திருடு போனால் அது ரயில்வே போலீஸ் எல்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. மின்னணு வழியில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

5,000 ரூபாய்க் கோடு

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வாங்கிக்கொண்டதற்கு அது அத்தாட்சி. ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

பழைய சைக்கிள்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 379ஆவது பிரிவில் திருட்டுக்கு மதிப்பு வரம்பு கிடையாது. எவ்வளவு சிறிய பொருளானாலும் போலீஸ் தானாக விசாரிக்கலாம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று சொல்லிவிட்டு, ஒரு விலக்கையும் சேர்த்திருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, திருடியவருக்கு அது முதல் தண்டனையாகவும் இருந்தால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்ததும் சமூக சேவைதான் தண்டனை. நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணையோ 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக வகைப்படுத்துகிறது.

திருடியவர் யாரென்றே தெரியாத நிலையில், அவருக்கு இது முதல் தடவையா என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு அட்டவணையில் பதில் இல்லை. ஆனால் ஸ்டேஷனில் “மதிப்பு 2,000 ரூபாய் இருக்கும்” என்று யோசிக்காமல் எழுதிக் கொடுத்தால், புகார் ரசீதோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதற்காகக் கூட்டி எழுதுவதும் தவறு. கணக்கை முழுதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். புது ஃபோர்க், டிஸ்க் பிரேக், டயர், கியர் என்று பிற்பாடு செய்த செலவுகளும் வண்டியின் மதிப்பில் சேரும். அந்த பில்களை வைத்திருப்பவருக்குத் தன் வண்டி 5,000 ரூபாய்க்கு மேல் பெறும் என்று காட்டுவது எளிது.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்துப் போயிருந்தால் கதை வேறு. குடியிருக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவில் வரும். அதற்கு 7 ஆண்டு வரை சிறை, மதிப்பு வரம்பும் இல்லை. சைக்கிள் எங்கே நின்றது என்பதைப் புகாரில் துல்லியமாக எழுதச் சொல்வது இதனால்தான்.

தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்று சொன்னால், அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டியது போலீஸின் கடமை. விசாரிக்க வேண்டிய குற்றமாக இருந்தும் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

எங்கே போகும்?

பதினைந்து கிலோ எடையுள்ள சைக்கிளைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய்தான் தேறும். கியர் சைக்கிளை முழுதாக விற்றாலோ, கழற்றி ஃபோர்க், சக்கரம், பிரேக் என்று தனித்தனியாக விற்றாலோ அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். ஆகவே பழைய இரும்புக் கடைகளோடு பக்கத்து ஊர்களின் வாடகை சைக்கிள் கடை, செகண்ட் ஹேண்ட் கடை, ஆன்லைன் விற்பனைத் தளங்கள் ஆகியவற்றிலும் கண் வைக்க வேண்டும். பள்ளிப் பையன்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்காவது சாய்த்துவிட்டுப் போவதும் உண்டு. ஊர்க் குளத்தங்கரை, கோயில் வாசல், விளையாட்டுத் திடல் ஆகிய இடங்களில் முதல் நாளே தேடிப் பார்ப்பது வீண்போகாது.

வண்டி கண்ணில் பட்டால் பாய்ந்து பிடுங்கக் கூடாது. போட்டோ எடுத்துக்கொண்டு போலீஸாரை அழைப்பதே சரி. வைத்திருப்பவர் விவரம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவராகவும் இருக்கலாம். ஆனால் அதனால் வண்டி அவருடையதாகிவிடாது. விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்குக் கிடைக்காது என்பதே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆவது பிரிவின் பொது விதி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருளை வாங்கி விற்பதையே வழக்கமாக வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

கிடைத்த பிறகும் ஒரு படி

போலீஸ் கைப்பற்றிய சைக்கிள் வழக்குச் சொத்து. நேராக வீட்டுக்கு ஓட்டிப் போக முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503ஆவது பிரிவின் கீழ் மனுப் போட்டு, உரிமையைக் காட்டி, பத்திரம் எழுதிக் கொடுத்துப் பெற வேண்டும். வழக்கு முடியும்வரை வண்டிகளை ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்க வேண்டியதில்லை, போட்டோ எடுத்து, சாட்சிகள் முன் பஞ்சநாமா எழுதிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிடுவார். 6 மாதத்துக்குள் யாரும் வராவிட்டால் பொருள் அரசின் வசம் போய்விடும்.

பொருள் கிடைத்தும் உரியவர் கிடைக்காமல் போவது உலகம் முழுவதும் நடக்கிறது. 2008 ஜூலையில் கனடாவின் டொரன்டோவில் இகோர் கென்க் என்ற சைக்கிள் கடைக்காரரைப் பிடித்தபோது, வாடகைக் கொட்டகைகளிலிருந்து 2,800க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் வெளியே வந்தன. போலீஸ் கிடங்கைத் திறந்துவிட்டு வந்து பார்க்கச் சொன்னது. சில நூறு பேர் அடையாளம் காட்டி எடுத்துப் போனார்கள். பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் வரவில்லை.

பதிவேடு இருந்தால்

ஜப்பானில் சைக்கிள் வாங்கும்போதே போலீஸ் பதிவேட்டில் சேர்ப்பது 1994 முதல் கட்டாயம். பிரான்சில் 2021 ஜனவரி முதல் கடையில் விற்கும் புது சைக்கிளில் அடையாள எண் பொறித்து, தேசியத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். நம் ஊரிலும் ஒருகாலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு உலோக வில்லை கொடுத்தன. வரிக்காக வந்த ஏற்பாடு என்றாலும், எந்த வண்டி யாருடையது என்பதற்கு அலுவலகத்தில் ஒரு குறிப்பாவது இருந்தது. அது போன இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

அப்படி ஒன்று வரும்வரை உரிமையாளரே தனக்குப் பதிவேடு. ஃபிரேம் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ, முழு வண்டிக்கு இரண்டு போட்டோ, பில், பாகங்களின் பில் எல்லாவற்றையும் செல்போனில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் போட்டு வைக்க வேண்டும். பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டினால் போதாது. பல கியர் சைக்கிள்களில் முன்சக்கரம் கையாலேயே கழன்றுவிடும் என்பதால், ஃபிரேமையும் சேர்த்து அசையாத கம்பியில் மாட்ட வேண்டும். மெல்லிய கேபிள் பூட்டு கட்டிங் பிளேயருக்குத் தாங்காது. யு வடிவ இரும்புப் பூட்டு மேல். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் வீட்டுக் காப்பீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் சைக்கிளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இழப்பீடு கேட்கும்போது போலீஸ் ஆவணம் வேண்டும்.

பெரிய பதிவேட்டுக்கான வாய்ப்பு அரசின் கையிலேயே இருக்கிறது. 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத் தொடங்கி, 2005–06 முதல் பிளஸ் 1 படிக்கும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம்தான் அது. ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்பதால் பள்ளி நிறுத்தத்திலேயே வண்டி மாறிப்போகிறது. வழங்கும் நாளில் மாணவர் பெயருக்கு நேராக ஃபிரேம் நம்பரை எழுதி, பெற்றோருக்கு ஒரு நகலும் கொடுத்து, அந்தப் பட்டியலை மாவட்டப் போலீஸாரும் பார்க்கும்படி செய்தால் போதும். குன்னத்தில் கொடுத்த சைக்கிள் செந்துறைக் கடையில் நின்றால், அது எந்தப் பிள்ளையுடையது என்று ஒரு போன் அழைப்பில் தெரிந்துவிடும்.