ஆளில்லா வீட்டில் கட்டிலில் ஏறும் நாய்: அடிக்காமல் தடுக்கும் முறை

நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் உழவர் குடும்பம் முழுவதும் காலையிலேயே வயலுக்குச் சென்று விடுகிறது. வீட்டுக்குக் காவல் நாய் ஒன்றுதான். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் கயிற்றுக் கட்டிலில் நாய் உரோமமும் சேற்றுக் கால் தடமும் கிடக்கின்றன. நாயோ வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு மாட்டுக் கொட்டகை ஓரம் நிற்கிறது. கோபத்தில் நான்கு அடி போடுகிறார்கள். மறுநாளும் அதே கதைதான். கடைசியில் சில வீடுகளில் நாயை வெயிலில் சங்கிலியால் பூட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் மோட்டார் கம்பிக்கும் இருந்த காவல் அத்துடன் போய்விடுகிறது.

இதற்கு அடியும் வேண்டாம். நாயைத் துரத்தவும் வேண்டாம். நாய்க்கென்று ஒரு படுக்கை அமைத்து, ஆளில்லாத நேரத்தில் கட்டில் அதற்கு எட்டாதபடி செய்து, அந்தப் படுக்கையில் கிடக்கச் சில வாரங்கள் பழக்கினால் போதும்.

ஏன் தடுக்க வேண்டும்?

இது வெறும் அழுக்குப் பிரச்சினை அல்ல. நாயின் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சி இடும் முட்டைகள் உரோமத்தில் ஒட்டி நிற்பதில்லை. நாய் எங்கே படுக்கிறதோ அங்கே உதிர்ந்துவிடுகின்றன. நாய் தினமும் பகலில் கட்டிலில் உறங்கினால், தெள்ளுப்பூச்சி பெருகும் இடம் அக்கட்டிலின் மெத்தையும் விரிப்பும்தான். நாய் உண்ணியும் அப்படியே. இரத்தம் குடித்து வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கட்டில் மரத்தின் இடுக்கிலும் ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, மண்ணில் சில வாரங்கள் கிடந்தபின் தொற்றும் தன்மையைப் பெறுகின்றன. மண் ஒட்டிய காலுடன் நாய் ஏறும் கட்டிலில்தான் மாலையில் குழந்தை உறங்குகிறது. விரல் சூப்பும் குழந்தையின் வயிற்றுக்குள் இம்முட்டைகள் சென்றால் கல்லீரல், நுரையீரல், சில வேளைகளில் கண்ணும் கூடப் பாதிக்கப்படலாம்.

நாய் ஏன் ஏறுகிறது?

திமிராலோ பழிவாங்கவோ நாய் கட்டிலில் ஏறுவதில்லை. அதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, உறக்கம். இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்கும் நாய்க்குப் பகல் உறக்கம் அவசியம். இரண்டாவது, வசதி. கயிற்றுக் கட்டிலில் அடியிலும் காற்று புகுவதால் கோடையில் குளிர்ச்சி. மழைக்காலத்தில் தரை ஈரமாக இருக்கக் கட்டில் உலர்ந்திருக்கும். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற ஒட்டிய உடல்வாகுள்ள நாய்களுக்குச் சதைப்பிடிப்பு குறைவு. கடினமான தரையில் படுத்தால் முழங்கைகள் காய்த்துப் புண்ணாகும். ஆகவே அவை மெத்தென்ற இடத்தைத் தேடுகின்றன. மூன்றாவது, வாசனை. வீட்டார் இல்லாதபோது அவர்கள் வாசனை மிகுந்த இடத்தில் படுப்பது நாய்க்கு ஆறுதல். நான்காவது, பார்வை. உயரத்தில் இருந்தால் வாசலும் தெருவும் தெரியும்.

இந்நான்கையும் வேறோர் இடத்தில் கிடைக்கச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

திரும்பி வந்து அடிப்பதால் பயனில்லை

மதியம் கட்டிலில் உறங்கியதற்காக மாலையில் விழும் அடியை நாய் அந்த உறக்கத்துடன் தொடர்புபடுத்திக் கொள்வதில்லை. எசமானர் வீடு திரும்பினால் அடி விழும் என்று மட்டுமே கற்றுக்கொள்கிறது. அப்படியானால் வாலைச் சுருட்டித் தலையைத் தாழ்த்துகிறதே, அது குற்ற உணர்ச்சி இல்லையா என்று பலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பார்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு இதை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லப்பட்ட பண்டத்துடன் நாய் தனியே விடப்பட்டது. எசமானர் திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் கூறப்பட்டது. சில முறை வேண்டுமென்றே மாற்றியும் கூறப்பட்டது. உண்மையில் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து நாயின் முகம் மாறவில்லை. எசமானர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே மாறியது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்தக் குற்றவாளி முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

எனவே மாலையில் நாய் கொட்டகை ஓரம் பதுங்குவது மனிதரின் கோபத்தைக் கண்ட அச்சமே ஆகும். அது ஒப்புதல் வாக்குமூலம் அன்று.

நாய்க்கு ஒரு படுக்கை

நான்கு சவுக்குக் கால்கள் நட்டு, 6 முதல் 9 அங்குல உயரத்தில் சட்டம் அமைத்துத் தென்னங்கயிறு பின்னி, மேலே சணல் சாக்கை விரித்தால் படுக்கை தயார். பழைய கட்டில் இருப்பின் காலைக் குறைத்தும் பயன்படுத்தலாம். நாய் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். நடுத்தர நாய்க்கு மூன்றரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதுமானது. உரம், பூச்சிமருந்து இருந்த சாக்குகளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. நாய் அதைக் கடித்து மென்றுவிடும்.

நிழலும் காற்றோட்டமும் உள்ள, வாசல் தெரியும் இடத்தில் இதனைப் போட வேண்டும். வீட்டார் உடுத்திய, துவைக்காத பழைய துணி ஒன்றைச் சாக்கின் மேல் விரித்து வைப்பது நல்லது. வாசனைக்காக நாய் கட்டிலைத் தேடாது.

கட்டிலை எட்டாமல் செய்தல்

கட்டிலில் சுகமாக உறங்கும் ஒவ்வொரு முறையும் நாய் தன் கூலியைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழக்கும் காலத்தில் ஒரு முறை கூட அதற்கு வாய்ப்பு தரலாகாது. வயலுக்குப் புறப்படும் முன் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, விழாதபடி கயிற்றால் கட்டிவிட வேண்டும். பாயைச் சுருட்டிப் பரணில் போடலாம். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவிழ்க்கலாம். சோபா உள்ள வீட்டில் அந்த அறையைச் சாத்துவது நல்லது. கதவில்லாத கூடமாயின் சோபாவின் மேல் இரு நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கலாம்.

வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பது முக்கியம். பகலில் ஏறக்கூடாது என்று அப்பா தடுக்க, இரவில் தாத்தா தம் அருகே படுக்க இடம் கொடுத்தால் நாய் ஒருபோதும் பழகாது.

பழக்கும் முறை

முதல் வாரம்: வீட்டில் ஆள் இருக்கும்போதே தொடங்க வேண்டும். அவித்த முட்டைத் துண்டையோ சிறு களி உருண்டையையோ காட்டி நாயைப் படுக்கைக்கு அழைத்துச் சென்று, "இடம்" என்று ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நாய் ஏறிய நொடியிலேயே தீனி கொடுக்க வேண்டும். தாமதித்தால் பயன் குறையும். படுத்ததும் இன்னொரு துண்டு தரலாம். நாளுக்கு மூன்று முறை, ஐந்து நிமிடம் வீதம் போதும்.

இரண்டாம் வாரம்: படுக்கையில் இருக்கும் நேரத்தை 1, 3, 5, 10 நிமிடம் எனக் கூட்டிச் செல்ல வேண்டும். அது தானாகவே அங்கு போய்ப் படுத்திருக்கக் கண்டால், பேசாமல் அருகே ஒரு துண்டு போட்டுச் செல்லலாம்.

மூன்றாம் வாரம் முதல்: கண்ணுக்கு மறைவாகச் செல்லப் பழக வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் அரை நிமிடம் நின்று திரும்பலாம். பின் 2, 5, 15, 30 நிமிடம் என நீட்டலாம். நாய் எழுந்து வந்துவிட்டால் திட்டாமல், முந்தைய அளவுக்கே திரும்ப வேண்டும். குட்டிகள் விரைவில் கற்கும். பல ஆண்டுகள் கட்டிலில் உறங்கிய நாய்க்குக் கூடுதல் நாள் பிடிக்கும். அரை நாள் தனியே இருந்தும் பழுதில்லை என்று பல முறை உறுதியான பிறகே கட்டிலைப் பழையபடி கிடத்தி வைக்கலாம்.

வயலுக்குப் புறப்படும் முன் நாயைச் சிறிது நேரம் நடத்திச் சென்று, மலசலம் கழிக்க விட்டு, உணவும் நிழலில் கனமான மண்சட்டியில் நீரும் வைத்துச் சென்றால் அது அமைதியாக உறங்கும்.

ஆள் மறைந்த உடனே ஊளையிடுதல், கதவைப் பிறாண்டுதல், எச்சில் வடித்தல், வீட்டிற்குள் சிறுநீர் கழித்தல் ஆகியவை இருப்பின் அது தனிமை அச்சமாகும். அத்தகைய நாயைக் கட்டிப் போட்டால் அச்சம் மிகும். இயன்றவரை வயலுக்கு உடன் அழைத்துச் செல்வதோடு, கால்நடை மருத்துவரின் ஆலோசனையையும் பெற வேண்டும்.

செய்யக் கூடாதவை

கட்டிலில் அந்துருண்டை போடலாகாது. அதைத் தின்னும் நாய் நஞ்சேறி இறக்கவும் கூடும், குழந்தைகளுக்கும் ஆபத்து. மிளகாய்த்தூள் தூவுவது, எலிப்பொறி வைப்பது, மின்கம்பி இழுப்பது ஆகியவையும் கூடாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீளமான சங்கிலியில், நிழலில், நீர் எட்டும்படி கட்ட வேண்டும். திண்ணை, சுவர், கட்டில் அருகே கட்டினால், தாண்டிக் குதிக்கும்போது கழுத்து இறுகி நாய் தொங்கிவிடும்.

உடல்நலக் கவனம்

நாயைக் கட்டிலிலிருந்து இறக்கினால் மட்டும் நோய் அகன்றுவிடாது. படுக்கைச் சாக்கையும் துணியையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். குட்டிகளுக்கு இரண்டு வார வயதில் தொடங்கி மருத்துவர் கூறும் இடைவெளியிலும், வளர்ந்த நாய்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தல் நலம். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தை அதே அளவில் நாய்க்குத் தடவுவது ஆபத்தாகும். நாய்க்குரிய மருந்தையும் அளவையும் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்தே பயன்படுத்த வேண்டும்.

நான்கு சவுக்குக் கம்புகளும் ஒரு சாக்கும் சில வாரப் பொறுமையும்தான் இதற்கு ஆகும் செலவு. இரவில் கண்விழிக்கும் காவலாளிக்குப் பகலில் ஓர் இடம் கொடுத்துவிட்டால், குழந்தையின் கட்டில் குழந்தைக்கே இருக்கும். வீட்டுக் காவலும் நிலைக்கும்.