புதுசா சேர்ந்த 6 பேருக்கு ஒரு சீனியர் துணை: கல்லூரியில் கேட்டு வாங்குங்க!

தாம்பரம்,

கல்லூரி திறக்கும் மாதங்களில் காலை 8 மணிக்கு தாம்பரம் ரெயில் நிலையத்தில் நின்று பாருங்கள். முதலாண்டு மாணவ-மாணவிகளை பார்த்ததுமே கண்டுபிடித்து விடலாம். கழுத்தில் புது அடையாள அட்டை, தோளில் புது பை, முகத்தில் கொஞ்சம் சந்தோஷம், நிறைய பயம்.

குரோம்பேட்டையில் அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி., கிழக்கு தாம்பரத்தில் 1937-ம் ஆண்டு இடம் மாறி வந்த சென்னை கிறிஸ்தவ கல்லூரி, வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். என்று ஜி.எஸ்.டி. சாலை பக்கம் திரும்பிய இடமெல்லாம் கல்லூரிகள். சென்னை பசங்க மட்டுமல்ல, வெளி மாவட்ட பிள்ளைகளும் இங்கே வந்து படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவர்கள்தான்.

பள்ளிக்கூடத்தில் எதற்கும் மணி அடிக்கும், வாத்தியார் விரட்டுவார். கல்லூரியில் அது கிடையாது. பாடம் இங்கிலீஷில் ஓடும். புரியவில்லை என்று கேட்க கூச்சம். வீட்டில் கேட்கலாம் என்றால், அப்பா-அம்மாவுக்கு செமஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாது. யாரிடம்தான் கேட்பது?

கூட நிற்க வேண்டியவர், அதே கல்லூரியில் 2-ம் ஆண்டு, 3-ம் ஆண்டு படிக்கும் சீனியர். இது யாரோ சொல்லும் அறிவுரை இல்லை. நாட்டில் உள்ள எல்லா கல்லூரிகளுக்கும் போடப்பட்ட விதி.

<b>6 பேருக்கு ஒருவர்</b>

பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.) 2009-ம் ஆண்டு கொண்டு வந்த ராகிங் தடுப்பு விதிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு கல்வி ஆண்டு முடியும்போதும், அடுத்த ஆண்டு வரப்போகும் புதியவர்களுக்காக ஒரு வழிகாட்டி குழு அமைக்க வேண்டும். விருப்பப்பட்டு முன்வரும் மாணவர்கள்தான் அதில் இருக்க வேண்டும். புதிய மாணவர்கள் 6 பேருக்கு ஒரு சீனியர் வழிகாட்டி. அப்படிப்பட்ட வழிகாட்டிகள் 6 பேருக்கு மேலே இன்னொரு மூத்த வழிகாட்டி.

ஏன் இப்படி ஏணிப்படி மாதிரி வைத்தார்கள்? வழிகாட்டியே வழி தவறினால் தட்டிக்கேட்க மேலே ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான்.

அதே விதியில் இன்னொன்றும் உண்டு. சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், உதவிக்கு யாரை அணுக வேண்டும் என்று பெயர், போன் நம்பருடன் அச்சடித்த துண்டு பிரசுரம் தர வேண்டும். அட்மிஷன் போடும்போது எத்தனை பெற்றோர் இதை கேட்டு வாங்குகிறோம்?

<b>ரத்தத்தில் எழுதிய பாடம்</b>

இந்த விதி சும்மா வரவில்லை. 1996-ம் ஆண்டு சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங் கொடுமையில் கொலை செய்யப்பட்டார். தமிழகமே அதிர்ந்தது. 1997-ல் ராகிங் தடை சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், கல்லூரியில் இருந்தும் நீக்கம்.

2009-ல் இமாசல பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் உயிரிழந்தார். அதே ஆண்டுதான் யு.ஜி.சி. விதிமுறைகள் வந்தன. சீனியரை பார்த்து புது பையன் ஓடக்கூடாது, தேடிப்போக வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

<b>சீனியர் என்ன சொல்லித்தருவார்?</b>

பேராசிரியர் பாடம் நடத்துவார். ஆனால் சின்னச்சின்ன விஷயங்கள் சீனியருக்குத்தான் அத்துப்படி.

முதலில் மார்க் கணக்கு. பல கலை அறிவியல் கல்லூரிகளில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. என்ஜினீயரிங்கிலும் தன்னாட்சி கல்லூரிகளிலும் இது மாறும். "இன்டர்னலை கோட்டை விட்டா அரியர் நிச்சயம்டா" என்று ஒரு சீனியர் முதல் மாதமே சொல்லி விட்டால், கடைசி நேர அழுகை மிச்சம்.

அடுத்து வருகைப்பதிவு. பொதுவாக 75 சதவீதம் வேண்டும். முதல் மாதம் ஊர் ஞாபகத்தில் அடிக்கடி பஸ் ஏறும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது பணம். அரசு பள்ளியில் படித்து கல்லூரிக்கு வருபவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. கவுன்சிலிங்கில் தொழிற்படிப்பு சேர்ந்தவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. மின்சார ரெயிலில் மாணவர்களுக்கு சலுகை சீசன் டிக்கெட் உண்டு. எந்த கவுண்ட்டரில் பாரம் வாங்குவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதை போன வருஷம் அலைந்து திரிந்த சீனியர் 2 நிமிடத்தில் சொல்லி விடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே மனசு. "எனக்கும் முதல் செமஸ்டர் ஒண்ணும் புரியல, அப்புறம் பழகிடுச்சு" என்று ஒரு அண்ணனோ அக்காவோ சொல்வதில் கிடைக்கும் தைரியம் பெரிது. டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று நினைக்கும் பிள்ளையை நிறுத்தி வைப்பது அந்த ஒரு வார்த்தையாக இருக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 'சாத்தி' என்ற பெயரில் சீனியர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பு உண்டு. சாத்தி என்றால் இந்தியில் கூட வரும் துணை என்று அர்த்தம். நாட்டிலேயே கெட்டிக்கார பிள்ளைகள் சேரும் இடத்துக்கே துணை தேவைப்படும்போது, நம்ம வீட்டு பிள்ளைக்கு தேவைப்படாதா?

<b>எல்லை எது?</b>

வழிகாட்டி என்ற பெயரில் வேலை வாங்கக்கூடாது. "ரெக்கார்டு எழுதிக்கொடு, டிபன் வாங்கிட்டு வா, ராத்திரி ரூமுக்கு வா" என்றால் அது உதவி இல்லை, ராகிங். உடனே பேராசிரியரிடமோ விடுதி வார்டனிடமோ சொல்ல வேண்டும். 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு 24 மணி நேரமும் போன் செய்யலாம்.

சீனியர் டாக்டரும் இல்லை. கூட படிக்கும் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் தானே சமாளிக்க பார்க்காமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

<b>பெற்றோர் கேட்க வேண்டியது</b>

பீஸ் கட்டும்போதே 3 கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு வழிகாட்டி சீனியர் யார்? அவருக்கு மேலே பொறுப்பாளர் யார்? போன் நம்பர் போட்ட துண்டு பிரசுரம் எங்கே?

"அதெல்லாம் இங்கே இல்லீங்க" என்று சொன்னால், "யு.ஜி.சி. விதியில் இருக்குதே சார்" என்று மரியாதையாகவே சொல்லுங்கள். கூலி வேலை பார்த்து, நகையை அடகு வைத்து பீஸ் கட்டுகிறோம். ஆறு பேருக்கு ஒரு துணையை கேட்பது பிச்சை இல்லை, பிள்ளையின் உரிமை.

போன வருஷம் சேர்ந்து இந்த வருஷம் சீனியர் ஆகியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. வழிகாட்டி குழுவுக்கு பெயர் கொடுங்கள். பழகும் வரை நீங்கள் பட்ட பாடு உங்களுக்கு பின்னால் வருகிற பிள்ளைக்கு வேண்டாமே!