பி.டி. பீரியடும் ஒரு பாடம்தான்!

"இன்னைக்கு பி.டி. பீரியட் கிடையாது. எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க!"

இதைக் கேட்டதும் வகுப்பே வாடிப்போகுமே... உங்களுக்கும் அந்த அனுபவம் உண்டுதானே, குட்டீஸ்? பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது இந்த பீரியட்தான். "விளையாட்டுத்தானே, போனால் என்ன?" என்று பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆனால், அன்று போவது விளையாட்டு மட்டுமல்ல. ஒரு பாடமே போய்விடுகிறது!

எலும்பு உண்டியல்

நீங்கள் ஓடும்போதும் குதிக்கும்போதும் தசைகள் எலும்புகளைப் பிடித்து இழுக்கின்றன. அந்த வேலையைத் தாங்குவதற்காக எலும்புகள் தங்களை உறுதியாக்கிக்கொள்கின்றன. இப்படி வலுச் சேர்க்க ஏற்ற காலம், வளரும் வயதுதான். உண்டியலில் காசு சேர்ப்பது போல இப்போது சேர்க்கும் வலு, தாத்தா, பாட்டி ஆன பிறகும் கைகொடுக்கும். இதயமும் ஒரு தசைதான். ஓடியாடினால் அதுவும் பலம் பெறும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கயிறு தாண்டுதல், நொண்டி, பச்சைக்குதிரை எல்லாமே இதில் சேரும்.

ஒப்புக்குச் சப்பாணியா?

தெருவில் ஆடும்போது நன்றாக விளையாடுகிறவர்களைத்தான் முதலில் சேர்த்துக்கொள்வோம். வேகமாக ஓட முடியாதவர் 'ஒப்புக்குச் சப்பாணி'யாக ஓரத்தில் நிற்பார். உடற்கல்வி வகுப்பில் அப்படி நடக்கக் கூடாது. பந்தை எப்படி எறிவது, எப்படிப் பிடிப்பது, குதித்தால் அடிபடாமல் எப்படிக் கால் ஊன்றுவது என்று எல்லாருக்கும் அங்கே படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்களுக்கு மட்டுமா கணக்கு வகுப்பு நடக்கிறது? இதுவும் அப்படித்தான்!

இதைச் சொல்லித்தர, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டுமல்லவா? அவர்களை உருவாக்க 1920-ம் ஆண்டிலேயே சென்னையில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர், அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி!

சட்டமும் உங்கள் பக்கம்!

6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்காக 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அதனால் குட்டீஸ், அடுத்த முறை பி.டி. பீரியட் பறிபோனால் முணுமுணுக்காதீர்கள். "டீச்சர், இந்த பீரியடை வேற ஒரு நாள் திருப்பிக் கொடுப்பீங்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். கிடைத்ததும் மைதானத்துக்கு ஓடுவதற்கு முன், ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். ஓரமாக ஒதுங்கி நிற்கும் நண்பர் யாராவது இருந்தால், அவரைத்தான் முதலில் உங்கள் அணிக்குக் கூப்பிட வேண்டும். சரியா?