மாரடைப்புக்குப் பிந்தைய மாத்திரை: நாமாக நிறுத்தலாமா?

மாரடைப்பு வந்து, அல்லாஹ்வின் அருளால் பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலர், சில மாதங்களில் ஒரு மாத்திரையை மட்டும் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். "நாடித் துடிப்பு குறைகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது" என்பார்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளே அவை.

இதயத்தின் வேகத்தை இரு வகை நரம்புகள் ஆளுகின்றன. பரிவு நரம்புகள் வேகத்தைக் கூட்டும். வேகஸ் நரம்பு குறைக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றே கூடி, விடும்போது குறைவது வேகஸ் நரம்பின் வேலை. மாரடைப்புக்குப் பின் இந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடுகிறது. மேலுமலை இறக்கத்தில் பிரேக் தளர்ந்து, ஆக்சிலேட்டரும் அழுந்திய லாரியின் நிலைதான் அது. காயம்பட்ட இதயத்தில் திடீரென ஆபத்தான துடிப்புக் கோளாறு எழலாம். இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைந்தவர்களிடம் மரணம் அதிகம் என்று 1987-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பீட்டா பிளாக்கர், அட்ரினலின் வந்து அமரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டர் அடங்குகிறது, பிரேக்குக்கு வலு கிடைக்கிறது. 3,837 பேரிடம் ப்ரோப்ரனோலாலைச் சோதித்த ஆய்வில், மருந்து எடுக்காதவர்களில் 9.8 சதவீதமும் எடுத்தவர்களில் 7.2 சதவீதமும் இறந்தனர். பலன் தெளிவாகத் தெரிந்ததால் 1981-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இம்மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

துடிப்பை ஒழுங்காக்கும் மருந்தெல்லாம் உயிர் காப்பதில்லை. வேறு வகை மருந்துகளான என்கெய்னைடும் ஃப்ளெகெய்னைடும் மாரடைப்பு கண்டவர்களிடம் மரணத்தைக் கூட்டியது 1989-இல் தெரியவந்தது. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை நமக்கு ஆகாது.

திடீரென நிறுத்துவதில் என்ன ஆபத்து? மருந்து நெடுநாள் தடுத்து வைத்திருந்ததால், அட்ரினலின் அமரும் இடங்கள் பெருகியிருக்கும். தடை நீங்கியதும் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். நெஞ்சுவலி, மறு மாரடைப்பு கூட வரலாம். இதயத்தின் பம்பு வலிமை நன்றாக இருப்பவர்களுக்கு இம்மருந்து நெடுநாள் தேவைதானா என்று அண்மை ஆய்வுகள் கேட்பது உண்மைதான். ஆனால் எக்கோ பார்த்து அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். குறைப்பதாக இருந்தாலும் படிப்படியாகவே குறைப்பார். மயக்கம், மூச்சிரைப்பு, நாடி 50-க்குக் கீழ் இறங்குவது ஆகியவை இருந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள்.

ஓசூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் மாத்திரை நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பலருக்கு ஸஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்றித் தர முடியும். முடியாது என்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை (அல்குர்ஆன் 2:184) இருக்கிறது: குணமானபின் களா, குணமாகும் வாய்ப்பில்லையெனில் ஃபித்யா. நோன்புக்காக மருந்தை விட்டு உயிரை ஆபத்தில் தள்ளுவது தக்வா ஆகாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி வரும் அந்த ஊழியரிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். ஷிஃபா தருபவன் அல்லாஹ். மருந்து அவன் ஏற்படுத்திய காரணி. அதைப் பேணுவதும் தவக்குலில் சேர்ந்ததே.