பூமி பிழைத்த வகை

உயிர் வாழ்வதற்கு ஏற்றதாக இப்பூமி அமைந்தது தற்செயலா, திட்டமா, தவிர்க்கவியலாத நியதியா?

முதலில் வெள்ளியை நோக்குவோம். பருமனில் அது பூமிக்கு உடன்பிறப்பு எனலாம். ஆயினும் காபனீரொட்சைட்டு செறிந்த வளிமண்டலத்தின் கீழ் அதன் தரை ஏறக்குறைய 465 பாகை செல்சியசில் தகிக்கின்றது. பூமியிலோ 300 கோடி ஆண்டுகளுக்கு மேலாக உயிர் இடையறாது நிலவுகின்றது.

இதற்குப் பாறைகள் ஒரு காரணம். வெப்பம் மிகுந்தால் மழையும் பாறைச் சிதைவும் மிகும். அச்சிதைவு வளியிலுள்ள காபனீரொட்சைட்டைக் குறைக்கும். குளிர் மிகுந்தால் சிதைவு தளரும். எரிமலைகள் உமிழும் அவ்வாயு மீண்டும் சேரும்.

அப்படியாயின் நியதி ஒன்றே போதுமா? சௌதாம்ப்டன் பல்கலைக்கழக அறிஞர் டோபி டிரெல் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கணினியில் ஓர் இலட்சம் கற்பனைக் கிரகங்களை அமைத்து, ஒவ்வொன்றின் 300 கோடி ஆண்டு வரலாற்றையும் 100 முறை நடத்திப் பார்த்தார். ஒரு முறையேனும் உயிருக்கு ஏற்றதாக நிலைத்தவை ஏறத்தாழ 8,700. நூறு முறையும் நிலைத்தது ஒன்றே ஒன்று. ஆகவே சீராக்கும் ஆற்றலும் வேண்டும், நல்லூழும் வேண்டும் என்பது புலனாகின்றது.

திட்டமோ எனின், பிழைத்த கிரகத்திலன்றி இவ்வினாவை எழுப்புவோர் தோன்றார். அவர்தம் கண்ணுக்கு அது தமக்கென அளந்து செய்ததாகவே தோன்றும். எனவே பொருத்தம் மட்டும் திட்டத்துக்குச் சான்றாகாது. அதனை மறுக்கவும் மாட்டாது.

ஒன்று திண்ணம். நேற்றுப் பிழைத்தமை நாளைக்குப் பிணையன்று. நாம் எரித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டை முற்றாக அகற்றப் பாறைகளுக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அத்துணைக் காலம் காத்திருக்க மனிதரால் இயலுமா?