தோடர் பூத்தையல்: வாங்குவோர் அறிய வேண்டுவன

உதகமண்டலத்துக்குச் சென்று திரும்புவோர் தைலம், தேயிலை, வர்க்கி ஆகியவற்றோடு, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் செய்த ஒரு சால்வையையோ பையையோ வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. அது தோடர்களின் கைவேலை என்று சொல்லப்படுகிறது. சொல்லப்படுவதெல்லாம் உண்மைதானா, உண்மையை அறிவது எவ்வாறு, இவ்விஷயத்தில் நம் சங்க அங்கத்தினர்களுக்கு என்ன அக்கறை என்பவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

தோடர்கள் நீலகிரியின் பழங்குடிகளுள் ஒரு சாரார். எருமை வளர்ப்பே அவர்களுடைய தொன்றுதொட்ட தொழில். அவர்கள் வாழும் சிற்றூருக்கு மந்து என்று பெயர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்களுடைய தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே. ஆண்களும் பெண்களும் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்னும் போர்வையில் அவர்களுடைய பூத்தையலைக் காணலாம். தையல் வேலை முழுவதும் பெண்களுடையது. ஆனால் தோடர்கள் நெய்வதில்லை. வெளியில் நெய்யப்பட்ட பருத்தித் துணியை வாங்கியே தைக்கின்றனர். ஆகவே, நெசவாளியின் வேலை முடியும் இடத்தில் தோடப் பெண்ணின் வேலை தொடங்குகிறது எனலாம்.

வேலை நடைபெறும் முறையை நெசவாளர்கள் எளிதில் புரிந்துகொள்வர். துணியின்மேல் படம் எதுவும் வரைந்துகொள்வதில்லை. பாவில் இத்தனை இழை, ஊடையில் இத்தனை இழை என எண்ணி, துணியின் பின்புறத்திலிருந்து ஊசியைச் செலுத்துகின்றனர். ஊசி திரும்பும் இடத்தில் கம்பளி நூலைச் சிறிது தளர்த்தி விடுவதால், பூ மெத்தென்று புடைத்து நிற்கிறது. எண்ணிக்கையில் ஓர் இழை தவறினாலும் கோலம் கோணும். இழைகளை எண்ணிச் செய்வதாதலால் உருவங்கள் நேர்கோடுகளாலும் கட்டங்களாலும் ஆனவை. எருமைக் கொம்பு அவற்றுள் ஒன்று. ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும்.

சில மாதங்களுக்கு முன் நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவருடன் நாம் உதகைக் கடைவீதிக்குச் சென்றிருந்தோம். ஒரு கடையில் சால்வைகள் அடுக்கடுக்காக இருந்தன. “எல்லாம் தோடர் வேலைதான் சார், நம்பி வாங்கலாம்” என்றார் கடைக்காரர். நம் நண்பர் ஒரு சால்வையை விரித்துப் பின்புறம் திருப்பினார். வெட்டுண்ட நூல் முனைகள் பூவுக்குப் பூ ஒரே இடத்தில், ஒரே அளவில் நின்றன. அது தறியிலேயே எடுத்த பூ, ஊசி வேலையன்று. “தோடர் கைத்தையல் என்று ரசீதில் எழுதித் தருவீரா?” என்று கேட்டோம். “சால்வை என்று மட்டும் போட்டுத் தருகிறேன்” என்று பதில் வந்தது. நாம் வாங்காமல் வெளியேறினோம்.

இந்த அனுபவத்தைக் கொண்டு, வாங்குவோர் கையாளத்தக்க மூன்று சோதனைகளைக் கூறலாம். முதலாவது, துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைத்தையலில் இரு புறமும் வேலை தெரியும். இரு புறமும் அழகாக இருக்கும். அச்சிட்ட துணியில் பின்புறம் வெளிறியிருக்கும். இயந்திரத் தையலில் அடிநூலும், சில வேளைகளில் ஒட்டிய தாளும் காணப்படும். இரண்டாவது, ஒரே உருவம் இரண்டிடங்களில் வருவதை ஒப்பிட வேண்டும். கைவேலையில் நூலின் இறுக்கத்தில் சிறு வேறுபாடு இருந்தே தீரும். மூன்றாவது, பொருளின் பெயரை ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சோதனைக்குச் சட்டத்தின் ஆதாரம் உண்டு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் பதிவு பெற்ற அதே பதிவேட்டில், தோடர் பூத்தையல் 2013-இல் இடம்பெற்றது. 2019-இல் ஈரோட்டு மஞ்சளும் சேர்ந்தது. பதிவு பெற்ற பெயரைப் போலிப் பொருளுக்குச் சூட்டி விற்பது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் இச்சட்டம் காப்பது பெயரையே என்பதை மறத்தலாகாது. பெயரைச் சொல்லாமல் கோலத்தை மட்டும் போன்மை செய்து விற்பவரை இதன்கீழ்ப் பிடிப்பது கடினம். வாயால் சொல்லிய பெயரைக் கடைக்காரர் காகிதத்தில் எழுதத் தயங்குவதன் காரணம் இதுவே. இயந்திர வேலையை இயந்திர வேலை என்று கூறி விற்பதில் குற்றமொன்றுமில்லை; அதற்குரிய விலை கொடுத்து வாங்குவோர் வாங்கட்டும்.

இனி, விலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். அன்று மாலையே ஒரு தோடப் பெண்மணி தாம் தைத்த சால்வையை நம்மிடம் காட்டினார். போலியைக் கண்டுபிடித்த அதே நண்பர், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார். நாமும் அவரைத் தடுக்கவில்லை. அப்பெண்மணி கோபிக்கவில்லை. “நூலை எண்ணிப் பாருங்க, அண்ணா” என்று மட்டும் சொன்னார். நண்பர் ஒரு பூவின் ஒரு வரிசையை எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, கேட்ட தொகையைக் கொடுத்தார்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் முப்பது நாள் தைத்ததாகக் கொள்வோம். தொண்ணூறு மணி நேரம் ஆகிறது. துணி, நூல் செலவு போக 2,700 ரூபாய் எஞ்சினால், மணிக்குக் கூலி 30 ரூபாய். நாம் பேரம் பேசி 500 ரூபாய் குறைத்தால் துணியின் விலை குறைவதில்லை; நூலின் விலையும் குறைவதில்லை. குறைவது கூலி ஒன்றே. அது மணிக்கு 24 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்குகிறது. நம் கைத்தறிப் புடவையைக் கையிலெடுத்து, “விசைத்தறியில் இதைவிட மலிவு” என்பவரிடம் நாம் கூறும் மறுமொழியும் இந்தக் கணக்கேயன்றோ?

நேரில் தைத்தவரிடமே வாங்குதல் மிகச் சிறப்பு. அது இயலாதபோது, 1973-இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிலையங்களையும், 1987-இல் கூட்டுறவு அமைப்பாக ஏற்பட்ட பழங்குடியினர் விற்பனைக் கூட்டமைப்பின் கடைகளையும் நாடலாம். எங்கு வாங்கினும், யார் செய்தது என்று கேட்பதும் ரசீதைக் கேட்டுப் பெறுவதும் கடமையாகும்.

கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி விற்கப்படுவதைக் கண்டு நாம் மனம் வருந்துகிறோம். ஈரோட்டு மஞ்சள் என்ற பெயரில் வேறு மஞ்சள் விற்கப்பட்டால் விவசாயி வருந்துகிறார். அவ்வருத்தம் நியாயமானது. ஆனால் வாங்குவோராக நாம் நிற்கும் நாளில், பிறர் கைவேலையை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் துணியைத் திருப்பிப் பார்த்து, உரிய விலை கொடுத்து வாங்குவோரை நாம் எதிர்பார்க்கிறோம். நாமும் பிறருக்கு அத்தகைய வாங்குவோராக இருப்போமாக.