300 வார்த்தையும் ஒரு மட்டையும்

2024 மே 19 விடியற்காலையில், புனேயின் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன 24 வயது ஐ.டி. இன்ஜினீயர்கள் இருவர் இறந்தார்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவன் 17 வயதுப் பையன். அன்றைக்கே சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை. நாடே கொதித்தது, இரண்டு உயிருக்கு ஒரு கட்டுரையா என்ற கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நிபந்தனைக்கு அடியில் இருந்த நம்பிக்கையை யாரும் அதிகம் தொடவில்லை. சொன்னால் புரியும், எழுதினால் பதியும், பதிந்தால் நடத்தை மாறும் என்பதே அது. 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று நூறு தடவை இம்போசிஷன் எழுத வைக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் இதே நம்பிக்கைதான்.

அடிக்கிற பிள்ளைக்கு அடிப்பது தப்பு என்று தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் வேறென்ன செய்வது என்பதுதான் அவனுக்குக் கைவரவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆர்னால்ட் கோல்ட்ஸ்டைன் 1970களில் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் ஓட்டப் பழக்குவதுபோல, பிறரோடு பழகுவதையும் படிப்படியாகப் பழக்கலாம் என்றார். அதே புனேயின் கோத்ரூடில் ஏதோ ஒரு குடியிருப்பு 'சொசைட்டி'யின் வாசலில் சாயங்கால கிரிக்கெட் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வயதுக்காரன் ஒருவன் மட்டையைப் பிடுங்குகிறான். தராதவனுக்கு ஓர் அறை விழுகிறது. பயிற்சி அந்த ஒரு நொடியைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. ஓவர் முடியும்வரை நிற்க வேண்டும். மட்டை வைத்திருப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டும். 'அடுத்த ஓவர் நான் ஆடட்டுமா' என்று கேட்க வேண்டும். 'முடியாது' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். கடைசிப் படியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். முதலில் பெரியவர் நடித்துக் காட்டுவார், பிறகு பிள்ளை நடிப்பான், குரல் எங்கே ஏறியது என்று சொன்னதும் மறுபடி நடிப்பான். அறிவுரைக்கு அங்கே வேலையே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது, பலன் உண்டா? விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. மனவெழுச்சி, நடத்தைச் சிக்கல் உள்ள மாணவர்களிடம் நடந்த 35 ஆய்வுகளை 1999-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த முன்னேற்றம் மிகச் சிறியது. அறைக்குள் அழகாகக் கேட்கக் கற்றவன் மைதானத்தில் பழையபடி பிடுங்கினான். இதைவிடக் கவலை தரும் சான்றும் உண்டு. பாஸ்டன் அருகே 1939-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. மறுபாதிக்கு எதுவும் இல்லை. முப்பது ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப்போன ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட், உதவி பெற்றவர்களே மோசமாக இருந்ததைக் கண்டார். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போனவர்கள் நிலை இன்னும் மோசம். அவரும் சக ஆய்வாளர்களும் 1999-ல் தந்த விளக்கம் எளிமையானது. சேட்டைக்காரப் பையன்களை ஓரிடத்தில் கூட்டினால், ஒருவன் தன் சாகசத்தைச் சொல்லும்போது மற்றவன் சிரிக்கிறான். ஆலோசகரின் பாராட்டு அந்தச் சிரிப்புக்கு ஈடாவதில்லை.

ஆகவே பயிற்சியைக் குப்பையில் போட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும் என்பது என் கட்சி. முரட்டுப் பிள்ளையைப் பிரித்தெடுத்துத் தனி அறையில் திருத்துவதற்குப் பதில், அவன் சண்டை போடும் வகுப்புக்கே சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. பிகாரின் நாலந்தா மாவட்ட அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. யாரையும் பொறுக்கி எடுக்காமல் பள்ளி முழுவதையும் தொட்ட திட்டம் அது. சுவர்ப் பத்திரிகையும் மாணவர்கள் மனக்குறையை எழுதிப் போடும் பெட்டியும் அதில் இருந்தன. அதற்கென்றே அமர்த்தப்பட்ட, மனநல நிபுணர் அல்லாத ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் இதையும் எங்கே செய்வது என்ற ஆட்சேபத்துக்கு இதுவே பதில்: அவர் தலையில் கட்ட வேண்டாம். காலையில் மார்க்குக்காகத் திட்டியவரிடம் மத்தியானம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? (இந்தக் காரணம் ஆய்வு சொன்னதல்ல, என் ஊகம்.)

இதெல்லாம் வீட்டில் கற்றுத்தர வேண்டியது, பள்ளிக்கு என்ன வேலை என்பார்கள். பாதி உண்மை. உளவியலாளர் ஆலன் காஸ்டின் குழுவின் 1992 ஆய்வில், பிள்ளைக்குத் தனியாகவும் பெற்றோருக்குத் தனியாகவும் பயிற்சி கொடுத்ததைவிட, இருவருக்கும் கொடுத்ததே அதிகம் பலித்தது. ஆனால் 'வீடு பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிட எல்லா வீடும் ஒன்றல்ல. புனே வழக்கில் ரத்த மாதிரியை மாற்றிய குற்றச்சாட்டில் சசூன் மருத்துவமனை மருத்துவர்கள் இருவரும், பின்னர் பையனின் பெற்றோரும் கைதானார்கள். குற்றச்சாட்டு நிரூபணமாகிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். தப்பை மறைக்கப் பெரியவர்கள் ஓடுவதைப் பார்த்து வளரும் எந்தப் பிள்ளையும், எந்தக் கட்டுரையையும்விட அதைத்தான் நன்றாகப் படித்துக்கொள்வான்.

பயிற்சி என்ற பேரில் தண்டனையிலிருந்து தப்பவிடுகிறார்கள் என்ற சந்தேகம் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. இறந்தவர்களின் வீட்டாருக்கு நீதி வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது நீதிமன்றம், ஆலோசகர் அல்ல. 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 18-வது பிரிவு குழு ஆலோசனைக்கு அனுப்ப வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் குழுவில் யார் யார் உட்காருவார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கோத்ரூட் பையன் விஷயத்திலும் இதே கேள்விதான். அவன் எல்லாப் படியும் கற்றுக்கொண்டு, ஓவர் முடியும்வரை நின்று, மெதுவாகக் கேட்கிறான். மட்டை வைத்திருப்பவனுக்கோ போன வாரம் வாங்கிய அறைதான் ஞாபகம். 'நீயா கேக்குற?' என்று சிரித்துவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராகிறான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.